ஊர்க்காரர்களுக்கே தெரியாத நம் ஊர்க் கலைஞர்களை எப்படிக் காட்டுவது?

குடந்தைக்காரன்:
கும்பகோணத்தில் எனக்கு மூன்று நண்பர்கள். ஒருவன் இங்குள்ள கவின் கலைக் கல்லூரியில் படித்தவன், அரிசிலாறு, பாத்திரக் கடைத் தெரு என்று வாட்டர்கலரில் வரைந்து தள்ளுகிறான். இன்னொருவனுக்கு சுவாமிமலையில், மெழுகில் உருவம் செய்து வெண்கலத்தில் வார்க்கும் சிலைப் பட்டறை ஒன்றில் வேலை. பகலெல்லாம் நடராஜர், அம்மன்; ராத்திரி மிச்ச மெழுகில் தனக்குப் பிடித்ததைச் செய்கிறான். போன வாரம் ஒன்று காட்டினான். உள்ளங்கை அளவுதான். டிவிஎஸ் 50-ல் ஒருவன் போகிறான், முன்னால் இரண்டு குடம், பின்னால் மனைவி ஒரு கையால் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்திருக்கிறாள். அந்த விரல் நகம் வரைக்கும் செய்திருக்கிறான். வெண்கலத்தில் வார்க்கக் காசு இல்லாததால் வெயிலுக்கு இளகிவிடாமல் தண்ணீர்ச் சட்டியில் போட்டு வைத்திருக்கிறான், பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. மூன்றாமவர் எங்களுக்கு மூத்தவர், அண்ணன் என்போம். சுவரெழுத்து, கடை போர்டு எல்லாம் எழுதியவர், ஃபிளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போய்விட்டது.

மூவருக்கும் சேர்த்து மாசி மகத்தை ஒட்டி ஒரு கண்காட்சி வைக்க ஆசை. நடத்திப் பழக்கமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மண்டபம் மாடி:
நடத்திச் சூடுபட்டவன் சொல்கிறேன். எங்கள் ஊரில் நண்பனுக்காக ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியைப் பிடித்து இரண்டு நாள் வைத்தோம். கூட்டத்துக்குக் குறைவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், பொன்னாடை மட்டும் பதினொன்று விழுந்தது. விற்றது ஒரே ஒரு படம், அதை வாங்கியவர் அவனுடைய தாய்மாமா. பிறகு யோசித்தால் தப்பு எங்கள் மேல்தான். ஒரு படத்துக்கும் விலை எழுதவில்லை. நம் ஆட்கள் விலை கேட்கக் கூச்சப்படுவார்கள், கேட்டுவிட்டு வாங்காமல் போவது அதைவிடக் கூச்சம். அதனால் ஒவ்வொன்றுக்கும் கீழே தலைப்பு, பெயர், விலை மூன்றும் இருக்கட்டும். கண்ணாடி போட்ட ஃப்ரேமுக்கு எதிரே டியூப்லைட் இருந்தால் படத்துக்குப் பதில் டியூப்லைட்தான் தெரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ‘மச்சான், பொண்ணு பிறந்தநாள் வருது, சும்மா ஒரு படம் போட்டுக் குடேன்’ என்று வரும் நண்பர்களை முதலில் வாசலிலேயே நிறுத்துங்கள்.

பழைய மாணவி:
சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து வாழும் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எல்லாருக்கும் தெரியும். அரசாங்கம் கொடுத்த இடம் என்று நினைப்பவர்கள் உண்டு, அப்படி இல்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் தோய்ப்பது) செய்து விற்று, அந்தக் காசைச் சேர்த்து வாங்கிய மணல் நிலம் அது. 1966-ல் தொடங்கினார்கள். ஓவியம் விற்று வாழ முடியாது என்று தெரிந்துதான் கைவினையைச் சோற்றுக்கும் ஓவியத்தைத் தங்களுக்கும் வைத்துக்கொண்டார்கள்.

அதனால் சுவரில் அசல் படங்கள் இருக்கட்டும், வாசல் பக்கம் ஒரு மேசை போட்டு அதே படங்களை அஞ்சலட்டை அளவில் அச்சடித்து முப்பது ரூபாய்க்கு வையுங்கள். ஐயாயிரம் கொடுக்க முடியாதவர் வெறுங்கையோடு போக மாட்டார்.

கரிசல் வாசகன்:
நம் ஊர் ஓவியர்கள் வெளியே தெரிந்ததில் எழுத்தாளர்களுக்குப் பங்கு உண்டு. ஓவியர் ஆதிமூலம் காந்தியை வரைந்த கோட்டோவியங்கள் ஓவிய உலகத்துக்குத் தெரியும், ஆனால் ஜூனியர் விகடனில் எழுத்தாளர் கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) தொடருக்கு அவர் போட்ட படங்கள் டீக்கடை பெஞ்சு வரைக்கும் போயின. சிறுபத்திரிகைகளில் பாதி அட்டைகள் நட்புக்காக வரைந்தவைதான் (காசு கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள்). உங்கள் பக்கம் கவிதைத் தொகுப்பு போடுகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அட்டைக்கு இணையத்தில் படம் தேடாமல் வாட்டர்கலர் நண்பரிடம் போகச் சொல்லுங்கள், தலைப்பை அண்ணன் கையால் எழுதட்டும். உள்ளே இருவர் பெயரும் வர வேண்டும், ‘அட்டை: நண்பர்’ என்று போட்டால் நானே வந்து சண்டை போடுவேன்.

மண்டபம் மாடி:
கரிசல் சொன்னதோடு ஒன்று. கண்காட்சிக்கு ஃபிளெக்ஸ் மட்டும் அடித்துவிடாதீர்கள். போர்டு எழுதும் ஆளை வைத்துக்கொண்டு ஃபிளெக்ஸ் அடித்தால் அதைவிட அவமரியாதை வேறு இல்லை.

குடந்தைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. உண்மையைச் சொன்னால் ஃபிளெக்ஸுக்கு விலை விசாரித்துவிட்டுத்தான் இங்கே எழுதினேன். இன்று காலை அண்ணனிடம் போய்த் துணி பேனர் எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். ‘எழுதுறேன், ஆனா கூலி வேணும்’ என்றார். கொடுக்கிறோம் என்றதும் உள்ளே போய்ப் பழைய பிரஷ்களை எடுத்து மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார்.

டிவிஎஸ் 50-ஐ வார்க்க நாங்கள் நாலு பேர் பணம் போடுகிறோம். பட்டறை முதலாளி உலையில் இடம் தருகிறேன் என்கிறார், உலோகம் மட்டும் எங்கள் பொறுப்பு. யார் வீட்டுப் பரணிலாவது ஓட்டைச் செம்புப் பாத்திரம் கிடந்தால் சொல்லுங்கள், எடைக்குப் பணம் தருகிறோம்.