மீன்பிடி உரிமக் கட்டண உயர்வு: கருத்து எழுத உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். நான் இருக்கும் அமெரிக்க மாநிலத்தில் மீன்பிடி உரிமக் கட்டணத்தை உயர்த்தப் போகிறார்கள். மாதக் கடைசி வரை பொதுமக்கள் கருத்து அனுப்பலாம். எழுதலாம் என்று உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பது என்றே பிடிபடவில்லை.

உயர்வே கூடாது என்பது என் கட்சி இல்லை. உரிமப் பணத்தை வேறு துறைக்குத் திருப்ப முடியாது, சரி. ஆனால் 1950இல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி, தூண்டில் சாமான்கள் மீதான கலால் வரியை மத்திய அரசு மாநிலங்களுக்குப் பிரித்துத் தருகிறது. அதில் 60 சதவீதம் காசு கொடுத்து உரிமம் எடுத்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து, மீதி மாநிலத்தின் பரப்பளவைப் பார்த்து. விலையேற்றத்தால் ஆட்கள் குறைந்தால் உரிம வருமானம், மத்திய அரசுப் பங்கு என்று இரண்டு பக்கமும் அடிதான்.

எனக்கு உறுத்துவது வெளியாள் கட்டணம், அதாவது இந்த மாநிலத்தில் வசிக்காதவர்களுக்கான கட்டணம். ஊரிலிருந்து வரும் அப்பா ஏரிக்கரையில் மடக்கு நாற்காலி போட்டு, மண்புழு கோத்து, உள்ளங்கை அளவு புளூகில் (bluegill) என்ற ஏரி மீனைப் பிடித்துத் திரும்ப விட்டுவிடுவார் (அம்மாவுக்கு அதில் ஏகக் கோபம்). அதற்கும் வெளியாள் கட்டணம்தான். மூத்தோர் சலுகை உள்ளூர்வாசிகளுக்கு மட்டுமாம்.

உங்கள் மாநிலத்தில் ஒருநாள் உரிமம் என்ன விலை? வந்துபோகும் பெற்றோருக்குச் சலுகை உண்டா? கலிஃபோர்னியாவில் கடலோரப் பொதுப் பியர்களில் (pier, கடலுக்குள் நீளும் மேடை) உரிமமே வேண்டாம்; வேறு எங்கே அப்படி? அப்புறம், பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசிய அனுபவம் உள்ளவர்கள் எத்தனை நிமிடம் தருவார்கள் என்று சொல்லுங்கள். வரைவை இங்கேயே போடுகிறேன், தயங்காமல் திருத்துங்கள்.