கோபன்ஹேகனிலிருந்து ஒரே நாளில் இரண்டு கோட்டைகள் சாத்தியமா?

கேள்வி: குரோன்போர்க், ஃபிரெடரிக்ஸ்போர்க் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வழி உண்டா? எந்த டிக்கெட் கட்டுப்படியாகும்? முதுகுப்பைப் பயணம், செலவு குறைவாக இருக்க வேண்டும்.

பதில் 1: தாராளமாக முடியும். நடுவில் கோபன்ஹேகன் திரும்பாதீர்கள், நேரம் வீண். காலையில் குரோன்போர்க் இருக்கும் ஹெல்சிங்கோருக்கு ரயில், சுமார் 45 நிமிடம். ஸ்டேஷனிலிருந்து குரோன்போர்க் நடை தூரம்தான். அங்கிருந்து ஃபிரெடரிக்ஸ்போர்க் இருக்கும் ஹில்லரோடுக்கு உள்ளூர் ரயில் நேராகப் போகிறது, அரை மணி. மாலையில் எஸ்-ரயில் (புறநகர் ரயில்) ஏ தடத்தில் கோபன்ஹேகன் திரும்பலாம்.

பதில் 2: டிக்கெட்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சின்ன சிட்டி பாஸ் (பயண டிக்கெட்) 1 முதல் 4 வரையுள்ள கட்டண மண்டலங்களுக்கு மட்டும். ஹெல்சிங்கோர் அதற்கு வெளியே. பரிசோதகர் வந்தால் அபராதம். கோபன்ஹேகன் கார்டு என்ற சுற்றுலா அட்டையின் டிஸ்கவர் வகையில் ரயிலும் இரு கோட்டைகளின் நுழைவும் அடக்கம். ஆனால் அதன் காலம் ஆக்டிவேட் செய்த நொடியிலிருந்து மணிக்கணக்கில் எண்ணப்படும். முந்தைய இரவே ஆக்டிவேட் செய்யாமல், காலை ரயில் ஏறும் முன் செய்யுங்கள். 48 மணி கார்டு என்றால் மறுநாள் கோபன்ஹேகனில் உள்ள ரோசன்போர்க் கோட்டையும் அதிலேயே முடியும்.

பதில் 3: குரோன்போர்க் நிலவறைகளில் இருட்டு, தரையும் மேடுபள்ளம்; டார்ச் அவசியம். ஃபிரெடரிக்ஸ்போர்க்கில் 1859 தீ விபத்தில் பெரும்பகுதி எரிந்து, பிறகு கட்டியது. தேவாலயம் தப்பியது, நேரம் குறைவென்றால் முதலில் அங்கே போங்கள். குளிர்காலத் திங்களில் கிளம்பும் முன் திறப்பு நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.