மன்கட் ரன் அவுட்: அறவியல் கட்டுரையை எங்கே தொடங்குவது?

முதல்ஸ்லிப்:
விளையாட்டு அறவியல் தாளுக்கு, பந்து வீசுமுன் நான்-ஸ்ட்ரைக்கரை (பவுலர் முனையில் நிற்கும் பேட்டரை) பவுலரே ரன் அவுட் செய்வதை எடுத்திருக்கிறேன். 2019 ஜெய்ப்பூரில் அஷ்வின் பட்லரையும், 2022-ல் இங்கிலாந்தின் லார்ட்ஸ் மைதானத்தில் தீப்தி சர்மா சார்லி டீனையும் இப்படித்தான் அவுட் ஆக்கினார்கள். தத்துவஞானி கான்டின் பார்வை, விளைவை வைத்து அளக்கும் பயன்வாதப் பார்வை என்று வரிசையாக எழுதினால் கைடு புத்தகம் மாதிரி இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

கிரீஸ்கோடு:
கோட்பாட்டை மூடி வைத்துவிட்டு முதலில் கோட்டை அளந்து பாருங்க. இரண்டு கிரீஸுக்கும் (பேட்டர் தாண்டாமல் நிற்க வேண்டிய கோடு) இடையே 58 அடி, அதாவது 17.68 மீட்டர். பேட்டர் ஒரு மீட்டர் முன்னால் நகர்ந்தால் ஓட வேண்டிய தூரத்தில் கிட்டத்தட்ட 6 சதவீதம் இலவசம். ரன் அவுட் அரை அடியில் முடிவாகும் ஆட்டத்தில் இது சின்ன விஷயமில்லை.

இப்போது கான்டைக் கொண்டுவாங்க. ஒரு செயலை எல்லோரும் செய்தால் என்னவாகும் என்பதுதான் அவர் சோதனை. 'வெளியே நிற்பவரை எல்லா பவுலரும் அவுட் ஆக்கலாம்' என்பதைப் பொதுவிதியாக்கினால் எதுவும் உடையாது. எல்லோரும் உள்ளே நிற்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பவுலர் வீசுவதுபோல் வந்து, பேட்டர் நகரட்டும் என்று நின்று காத்திருந்தால் அது பொறி வைப்பது. ஜெய்ப்பூர் சர்ச்சையே அந்த இடைநிறுத்தம்தான். 'ரன் அவுட் சரியா?', 'ஏமாற்றுவது சரியா?' இரண்டும் தனித்தனிக் கேள்விகள். பெரும்பாலான கட்டுரைகள் வழுக்குவது இங்கேதான்.

நான்காம்நடுவர்:
மேலே சொன்னது சரி. எச்சரிக்கை விஷயத்தை விட்டுவிடாதீங்க. முதலில் எச்சரிக்க வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை. ஆனால் லார்ட்ஸ் ஆட்டத்துக்குப் பிறகு 'எச்சரித்தோம்' என்றார் தீப்தி, 'இல்லை' என்றார் இங்கிலாந்து அணியின் ஹெதர் நைட். விதியில் இல்லாத ஒன்றை இரண்டு தரப்பும் கடமை மாதிரி பேசியதைக் கவனியுங்க. ஆட்ட மரபுக்கு அறவலிமை உண்டா என்று கேட்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மரபு என்றால் யாருடைய மரபு என்றும் கேளுங்க. 1947-ல் சிட்னியில் இந்தியாவின் வினூ மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி அவுட் ஆக்கியபோது, எதிரணி கேப்டன் பிராட்மனே மன்கட் பக்கம் நின்றார். பழி மட்டும் மன்கட் பெயரில் ஒட்டிக்கொண்டது!

பெயில்ஸ்:
இன்னொரு உதாரணம்: 1987 உலகக் கோப்பை, லாகூர். கடைசி ஓவரில் பாகிஸ்தானின் சலீம் ஜாஃபர் கிரீஸுக்கு வெளியே. மேற்கிந்தியத் தீவுகள் பவுலர் கோர்ட்னி வால்ஷ் பெயில்ஸைத் தட்டி அவுட் ஆக்காமல் விட்டார். பாகிஸ்தான் ஒரு விக்கெட்டில் வென்றது. மேற்கிந்தியத் தீவுகள் அரையிறுதிக்குப் போகவில்லை. எல்லோரும் வால்ஷைப் பாராட்டினார்கள். அதுவே முக்கியம்: கடமையைச் செய்தவரை இப்படி யாரும் கொண்டாடுவதில்லை. அது கடமைக்கு மேற்பட்ட பெருந்தன்மை என்றால், அதைச் செய்யாதவரைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது.

முதல்ஸ்லிப்:
நன்றி. '2022-ல் விதி மாறியதால் தீப்தி செய்தது சரியாகிவிட்டது' என்று எழுதலாமா?

நான்காம்நடுவர்:
வேண்டாம், தேதி இடிக்கும். அந்த ஆட்டம் செப்டம்பர் 24. மாற்றம் அமலானது அக்டோபர் 1. மாறியதும் இடம்தான்: 'நியாயமற்ற ஆட்டம்' என்ற 41-ஆம் விதியிலிருந்து 'ரன் அவுட்' என்ற 38-க்குப் போனது. முன்பும் அது அவுட்தான்.