இடுப்பளவுத் தண்ணீர்

2014 ஜூனில் வேலை விஷயமாக பாரிஸில் இருந்தேன். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸில் இறங்கிய நார்மண்டி தரையிறக்கத்தின் 70-ஆம் ஆண்டு நினைவு நாள் வந்ததால், அங்குள்ள சேன்ட் மேர் எக்லீஸ் என்ற சிற்றூருக்குப் போனோம். அங்கே தேவாலயக் கோபுரத்தில் பாராசூட்டோடு ஒரு வீரர் பொம்மை தொங்கும். 1944-இல் ஜான் ஸ்டீல் என்பவர் அதில் மாட்டிக்கொண்டு செத்தவர் போல நடித்தாரே, அவர் நினைவாக. கூட்டமெல்லாம் அண்ணாந்து அதைத்தான் படம் பிடித்தது.

நான் நிழல் தேடி ஒதுங்கிய இடத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், கூடவே மகள். தொப்பியில் இரண்டு ‘ஏ’. பாராசூட்டில் குதித்த அமெரிக்கப் படைகளில் ஒன்றான 82-ஆவது வான்வழி டிவிஷனின் சின்னம். சுற்றிலும் பிள்ளைகள் கடையில் வாங்கிய தகரக் கிளிக்கரை டிக்-டக் என்று அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். இருட்டில் தம் ஆளை அடையாளம் காண அன்று பாராசூட் வீரர்களுக்குக் கொடுத்தது.

“உங்ககிட்டயும் இருந்ததா சார்?”

“அதெல்லாம் இன்னொரு டிவிஷன், 101-காரங்க சமாச்சாரம். எங்களுக்கு வாய்தான்.” ஒருவர் ‘ஃப்ளாஷ்’ என்றால் மற்றவர் ‘தண்டர்’ என்று சொல்ல வேண்டும்.

இவர் விழுந்தது மெர்டெரே ஆற்றோரம். ஜெர்மானியர் அங்கே வெள்ளத்தைத் தேக்கி வைத்திருந்தார்கள். புல் மண்டிக் கிடந்ததால் விமானப் படத்தில் மேய்ச்சல் நிலமாகத் தெரிந்ததாம். பல இடங்களில் இடுப்பளவுதான் ஆழம். ஆனால் உடம்பில் முப்பது, நாற்பது கிலோ சுமை. பிரிட்டிஷ் பாராசூட்டில் நெஞ்சில் ஒரே பூட்டு, திருகித் தட்டினால் வார் மொத்தமும் விழுந்துவிடும். அமெரிக்கர்களுடையதில் மூன்று கொக்கி. நனைந்து இறுகிவிட்டால் விரலுக்கு அசையாது. (பிற்பாடு அவர்களும் ஒற்றைப் பூட்டுக்கு மாறினார்கள்.) இவர் கத்தியால் வாரை அறுத்தார், அவசரத்தில் தொடையையும் சேர்த்து. அதைச் சொல்லும்போது சிரித்தார்.

“பக்கத்துல இன்னொருத்தன் தண்ணியை அடிக்கிற சத்தம் கேட்டுது. கொஞ்ச நேரம்தான்.”

நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

கிளம்பும்போது மகள் அவரைக் காரில் ஏற்றி சீட் பெல்ட்டை மாட்டிவிட்டார். பெரியவர் உடனே கழற்றினார். மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“எப்பவும் இப்படித்தான். கழலுதான்னு பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க விடுவார்” என்றார் மகள்.