சுகர் பேஷன்டுக்கு சும்மா இருக்கும்போதே பல்ஸ் 100, இதுல நரம்பு எங்க வந்துச்சு?

கேள்வி:
அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். சும்மா உக்காந்திருந்தாலே பல்ஸ் 96, 100னு காட்டுது, ஆனா படுத்து எழுந்தா தலை சுத்தி கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்கறாரு. எக்கோ (ஹார்ட் ஸ்கேன்) நார்மல். டாக்டர் அட்டானமிக் நியூரோபதினு (உள்ளுறுப்புகளைத் தானா இயக்குற நரம்பு கெட்டுப்போறது) எழுதிட்டாரு. கால் மரத்துப்போறது தெரியும், ஹார்ட்டுக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்?

பதில் 1:
நரம்பு எதுவும் தலையிடலைன்னா ஹார்ட் நிமிஷத்துக்கு 100 கிட்ட தான் அடிக்கும் ப்ரோ, அதை 70க்கு இழுத்துப் பிடிக்கிற பிரேக் தான் வேகஸ் நரம்பு. அது மூளையில இருந்து வயிறு வரைக்கும் போற நீள நரம்பு, சுகர் பெரும்பாலும் நீளமானதைத் தான் மொதல்ல கெடுக்கும், கால் மரத்துப்போறதும் அதே கணக்கு தான். மாற்று இதயம் வச்சவங்களுக்கும் இதே மாதிரி பல்ஸ் கூட இருக்கும், அங்க நரம்பையே வெட்டிட்டு தானே வைக்கிறாங்க.

தலைசுத்தல் வேற நரம்பு. எழுந்ததும் ரத்தம் காலுக்கு இறங்கும், உடனே ரத்தக்குழாய் சுருங்கணும், அந்த ஆர்டர் போகலைன்னா ப்ரெஷர் விழும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்னு 3 நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை பாருங்க. மேல் நம்பர் 20 இல்ல கீழ் நம்பர் 10 குறைஞ்சா டாக்டர்கிட்ட காட்டுங்க.

பதில் 2:
பல்ஸை விட எனக்கு பயம் வேற. இவங்களுக்கு ஹார்ட் அட்டாக் வந்தா நெஞ்சு வலியே இல்லாம போகலாம், வலியைச் சொல்ற நரம்பும் கெட்டிருக்கும்ல. திடீர்னு மூச்சு வாங்குது, வேர்க்குது, வாந்தி வருதுன்னா கேஸ்னு விட்டுடாதீங்க, உடனே ஆஸ்பத்திரி. லோ சுகர் வந்தாலும் நடுக்கம் படபடப்பு தெரியாம நேரா மயக்கத்துல போய் நிக்கலாம். சாப்பாடு வயித்துலயே தங்குறது, யூரின் முழுசா போகாம இருக்கறதும் இந்த லிஸ்ட் தான்.

கேட்டவர்:
யூரினுக்குன்னு ராத்திரி டாம்சுலோசின் போடறாரு, அதுவும் காரணமா?

பதில் 1:
இருக்கலாம், அது சிலருக்கு எழுந்திரிக்கும்போது ப்ரெஷரைக் குறைக்கும். நீங்களா நிறுத்தாதீங்க, எல்லா மாத்திரையும் எடுத்துட்டுப் போய் காட்டுங்க. நிமிஷத்துக்கு 6 மூச்சு இழுக்க வச்சு ஈசிஜி எடுக்கற டெஸ்ட்டும் கேளுங்க. மூச்சுக்கு ஏத்த மாதிரி பல்ஸ் ஏறி இறங்கணும், கெட்டுப்போனா கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஓடும். சாதா ஈசிஜில இது தெரியாது.

பதில் 2:
எந்த ஆபரேஷன்னாலும் மயக்க டாக்டர்கிட்ட இதை மொதல்லயே சொல்லிடுங்க, டேபிள்ல ப்ரெஷர் தடால்னு இறங்கலாம்.