பிரேதத்தை எத்தனை நாள் வீட்டில வைச்சிருக்கலாம்? மரண சகாயநிதிச் சங்கப் பிரேரணை பற்றி

வலிமேற்கு:
எங்கட ஊர் மரண சகாயநிதிச் சங்கத்தின்ர பொதுக்கூட்டத்துக்கு ஒரு பிரேரணை வருது. உயிர் பிரிஞ்சு 48 மணித்தியாலத்துக்குள்ள பிரேதம் சுடலைக்குப் போகாட்டி, சங்கத்தின்ர கொட்டகை, கதிரை, லைற், ஆள் உதவி எல்லாம் நிப்பாட்டப்படும். நான் ஆதரிக்கிறன்.

வெளிநாட்டில இருந்து பிள்ளை வரவேணும் எண்டு நாலு நாள், அஞ்சு நாள் வைச்சிருக்கிறது இப்ப வழமையாப் போச்சு. அவ்வளவு நாளும் செத்த வீட்டில அடுப்பு மூட்டுறேல்லை. மூண்டு நேரச் சாப்பாடும் பக்கத்து வீடுகளில இருந்துதான் போகவேணும். இரவு முழிச்சிருக்க ஆள் வேணும். இளம் பெடியள் ஊரில குறைவு, கொட்டகை போடுறதும் பெட்டி தூக்கிறதும் அறுபது வயது தாண்டினவை. வீடு கோயிலுக்குக் கிட்ட இருந்தா, பிரேதம் எடுக்கும்வரை பூசையும் பிந்தும். கொடியேறின நாளெண்டா முழு ஊருக்கும் அந்தரம்.

ஸ்காபரோ_தம்பி:
அண்ணை, 48 எண்டு எழுதினவர் ரொறன்ரோவில இருந்து வாற பாதையைக் கணக்குப் பார்த்தவரா? நேரடி விமானம் இல்லை. ஓரிடத்தில மாறி ஏறினாலும் கட்டுநாயக்காவுக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல. அங்கையிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், வானில ஏழெட்டு மணித்தியாலம். சென்னையால யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வந்தா வீதிப் பயணம் மிச்சம். ஆனா ரெண்டு விமானமும் ஒரே ரிக்கற்றில இல்லாட்டி, பெட்டியை எடுத்துத் திருப்பிப் போட இந்திய விசா கேப்பினம். செய்தி வந்த அண்டைக்கே ரிக்கற் கிடைச்சாலும் மூண்டாம் நாள்தான் வாசலுக்கு வரலாம். 72 எண்டா தாயின்ர முகம் பார்க்கலாம், 48 எண்டா சாம்பல்தான். அந்தக் கொட்டகைத் தகரத்துக்கும் கதிரைக்கும் காசு அனுப்பினது ஆர்?

கரவெட்டி_அக்கா:
காசை இதுக்குள்ள கொண்டு வராதேங்கோ தம்பி. காசு அனுப்பினவைக்கு ஒரு விதி, அனுப்பாதவைக்கு இன்னொரு விதி எண்டு சங்கம் நடத்தேலாது.

பிரேதத்துக்குப் பக்கத்தில இருக்கிறது ஆர் எண்டு பாருங்கோ. கடைசி வருசங்களில பராமரிச்ச மகளோ மருமகளோதான். படலையால ஒராள் உள்ளிடுற நேரமெல்லாம் எழும்பிக் கட்டிப்பிடிச்சு அழவேணும். முதல்நாள் அது ஆறுதல். நாலாம் நாள் தொண்டையும் இருக்காது, காலும் வீங்கிப் போகும். சலரோகக் (நீரிழிவு) குளிசை போடுற பொம்பிளையெண்டா சாப்பாடும் நேரத்துக்கு இல்லை. கொள்ளி வைக்க வாறவருக்காகக் காத்திருக்கிறம், ஆனா பராமரிச்ச மகள் படலையோட நிண்டிடுவா.

தாதி_யாழ்:
எத்தனை நாள் எண்டதை விட, எம்பாம், அதாவது பிரேதம் பழுதாகாமல் மருந்து ஏத்திறது, எப்ப செய்தது, எப்படிச் செய்தது எண்டதுதான் முக்கியம். எங்கட வெக்கையில ஆறு மணித்தியாலத்துக்குள்ள தொடங்கினா நல்லது. கழுத்து நாடியிலயோ தொடை நாடியிலயோ குழாய் வைச்சு மருந்தை ஏத்த வேணும். போத்தலில வாற போமலினில 37 முதல் 40 வீதம் போமல்டிகைட் இருக்கும், அதை ஐதாக்கித்தான் ஏத்துறது. 60 கிலோ உடம்புக்கு 8 முதல் 10 லீற்றர் கலவை போகவேணும். ரெண்டு மூண்டு லீற்றரை அங்கங்கை ஊசியால குத்தி விட்டா, முகம் நல்லாத்தான் இருக்கும். வயிறுதான் பிறகு ஊதும்.

எம்பாம் சரிவராமல் போற இடங்களும் இருக்கு. நெடுநாள் சலரோகக்காரருக்கு நாடி ஒடுங்கியிருக்கும், கால் விரல்களுக்கு மருந்து எட்டாது. சிறுநீரகம் பழுதாகிப் போனவையின்ர உடம்பில யூரியாவும் அமோனியாவும் கூட; அது போமலினை முறிச்சுப்போடும், கலவை கடுமையா வேணும். மஞ்சள் காமாலையோட போனவருக்கு வழமையான கலவையை ஏத்தினா முகம் பச்சை பூக்கும். ஈரல் நோயால வயிற்றில நீர் கட்டியிருந்தா, தொப்புளுக்குக் கிட்டத் துளைச்சு நீரையும் வாயுவையும் எடுத்துப்போட்டு ஐதாக்காத மருந்தை உள்ள விடவேணும். அதைச் செய்யாட்டி வாயாலயும் மூக்காலயும் வடியும். பஞ்சு வைச்சு மறைக்கேலாது.

இந்த வருத்தங்கள் இருந்ததை எம்பாம் செய்யிற மலர்ச்சாலைக்காரருக்கு வீட்டுக்காரர்தான் சொல்லவேணும். கிளினிக் கொப்பியை அவையின்ர கையில குடுங்கோ. நெஞ்சில பேஸ்மேக்கர் இருந்தா அதையும் சொல்லுங்கோ, எரிக்க முந்தி எடுக்காட்டி வெடிக்கும். பெட்டி இருக்கிற அறையில யன்னல் திறந்திருக்க வேணும். முட்டு (ஆஸ்துமா) உள்ளவையையும் குழந்தைப் பிள்ளையளையும் இரவு அங்க படுக்க விடாதேங்கோ.

அளவெட்டியான்:
தாதி சொன்னதைப் பார்த்தா ஒரே மணிக்கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது எண்டுதான் விளங்குது. நான் பிரேரணைக்கு எதிர். விபத்து, தற்கொலை எண்டா திடீர் மரண விசாரணை அதிகாரி வரவேணும், பிறகு சட்ட வைத்திய அதிகாரியின்ர பிரேத பரிசோதனை. உடல் கைக்கு வரவே ஒண்டரை நாள் போகலாம். ஏற்கெனவே உடைஞ்சு போயிருக்கிற அந்த வீட்டுக் கொட்டகையை 48 ஆவது மணித்தியாலம் கழட்டப் போறியளோ? ஆதரவு குடுக்கத்தான் சங்கம், அபராதம் போட இல்லை.

சைவநெறி:
கிரியைப் பக்கத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது வழமை. அவர் இல்லாவிட்டால் மற்ற மகன், பேரன், மருமகன், பெறாமகன் என்று உரிமை இறங்கிப் போகும். கிரியை நின்றுபோகாது. ஆண்டுத் திவசத்தின் திதியும் உயிர் பிரிந்த நேரத்தைக் கொண்டதுதான். எரித்த நாளைக் கொண்டதல்ல.

எண்ணெயும் அரப்பும் வைத்துக் குளிப்பாட்டுவது, உரலில் சுண்ணம் இடித்துத் திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணத்தின் 20 பாட்டும் பாடுவது, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பது, வாய்க்கரிசி போடுவது எல்லாம் உடலோடு செய்கிறவை. நாலாம் நாள் எம்பாம் உடலுக்கு எண்ணெயும் அரப்பும் பாவனையாகத் தொட்டு வைப்பதாகவே முடிகிறது. எம்பாம் செய்யும்போது தைத்த வாயில் அரிசி உதட்டோடு நின்றுவிடும். பிள்ளை வரவேண்டும் என்று கிரியையைப் பிற்போட்டு, அந்தப் பிள்ளைக்கே குறைக் கிரியையைக் கொடுக்கிறோம்.

31 ஆம் நாள் அந்தியேட்டி என்ற கிரியை இருக்கிறது. கீரிமலையில் செய்து, பிறகு வீட்டுக்கிருத்தியம். அதற்கு ஒரு மாத அவகாசம் உண்டு; ரிக்கற்றும் மலிவாக எடுக்கலாம். கடைசி முறை முகம் பார்க்க முடியாமல் போன பிள்ளைக்குச் சைவம் வைத்திருக்கிற இடம் அதுதான்.

ஸ்காபரோ_தம்பி:
ஐயா, அந்தியேட்டிக்கு வாங்கோ எண்டு சொல்லுறது லேசு. ஒன்ராறியோவில சட்டப்படி துக்க விடுப்பு வருசத்துக்கு 2 நாள், அதுவும் சம்பளமில்லாமல். மிச்சம் முதலாளியின்ர மனசு. செத்த வீட்டுக்கும் அந்தியேட்டிக்கும் ரெண்டு தரம் வரேலாது. ஒரு தரம்தான் எண்டா முகத்தைப் பார்க்கத்தான் எவனும் வருவான்.

அகதி விண்ணப்பம் முடியாதவை அஞ்சு நாள் வைச்சாலும் வரேலாது. அவைக்காக வைச்சிருக்கிறது வீண், அதை நானும் ஒத்துக்கொள்ளுறன். நேரடி ஒளிபரப்பு போடுங்கோ, ஆனா நேரத்தைப் பார்த்துப் போடுங்கோ. கோடையில காலமை பத்து மணிக்குக் கிரியை தொடங்கினா ரொறன்ரோவில நடுச்சாமம் பன்னிரண்டரை. பின்னேரம் மூண்டு மணியெண்டா அங்க விடிய அஞ்சரை, லண்டனில காலமை பத்தரை. பொழுது பட முந்திச் சுடலைக்கும் போயிடலாம். கமராவைக் கால்மாட்டில வைக்காமல் தலைமாட்டுப் பக்கம் வையுங்கோ, முகம் தெரியட்டும்.

சோனகதெரு:
எங்கட முஸ்லிம் பக்கத்தில ஜனாஸாவை (பிரேதத்தை) ஒரு நாளைக்கு மேல வைக்கிறது அபூர்வம். குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி, தொழுவிச்சு அடக்கிறதுதான், வெளிநாட்டில மகன் இருந்தாலும். அவர் இருக்கிற ஊர்ப் பள்ளியில உடல் முன்னால இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸா தொழுவார். ஆரும் அவரைக் குறை சொல்லுறேல்லை. 2020 இல கொரோனாவால போனவைக்குக் கட்டாயத் தகனம் எண்டு உடல்களை வைச்சிருந்த மாதங்களில, அடக்கம் பிந்திறது ஒரு குடும்பத்தை என்ன செய்யும் எண்டு நல்லாக் கண்டிட்டம். உங்கட முறைக்குள்ள நான் வரேல்லை. காத்திருக்கிறதுதான் பாசம் எண்டதை மட்டும் ஏற்கமாட்டன்.

வலிமேற்கு:
அளவெட்டியான் சொன்ன பிரேத பரிசோதனை விஷயம் நியாயம். பிரேரணையைத் திருத்தி எழுதியிருக்கிறன், பாருங்கோ. மணிக்கணக்கு உடல் குடும்பத்தின்ர கைக்கு வந்த நேரத்தில இருந்து. அதிகபட்சம் 72. முதல் 48 க்குச் சாப்பாடு அயலாலை, அதுக்குப் பிறகு வீட்டுக்காரர் கடையில எடுப்பினம். வரப்போற பிள்ளை ரிக்கற்றின்ர படத்தை முதல் 12 மணித்தியாலத்துக்குள்ள செயலாளருக்கு அனுப்பவேணும். இல்லாட்டி கிரியைக்கு நாள் குறிச்சிடுவம். "வாறார், வாறார்" எண்டு சொல்லியே மூண்டு நாள் இழுபடுறதுதான் ஊரைக் கொல்லுது.

ஸ்காபரோ_தம்பி:
72 க்கு நன்றி அண்ணை. ஆனா 12 போதாது. இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தா, கடவுச்சீட்டைத் தேடி, வேலையிடத்தில சொல்லி, பயண அனுமதிக்கு இணையத்தில விண்ணப்பிச்சு ரிக்கற் போட 18 மணித்தியாலமாவது வேணும்.

அளவெட்டியான்:
18 எண்டா நானும் கை தூக்குவன். அபராதம் எண்ட சொல் மட்டும் விதியில இருக்கக்கூடாது.

கரவெட்டி_அக்கா:
மணிக்கணக்கெல்லாம் சரி. ஆனா ஆர் முடிவெடுக்கிறது எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. இப்ப எப்பிடி நடக்குது? கனடாவில இருந்து மூத்தவர் போனில "வைச்சிருங்கோ" எண்டுவார், லண்டன்காரர் "எடுங்கோ" எண்டுவார், வீட்டில இருக்கிற மகள் ரெண்டு பேரிட்டையும் ஏச்சு வாங்குவா. உயிரோட இருக்கேக்க அம்மாவையோ அப்பாவையோ கேட்டு எழுதி வையுங்கோ. அங்கத்துவப் படிவத்தில ரெண்டு வரி சேருங்கோ: எத்தனை மணித்தியாலம் காத்திருக்கலாம், பிள்ளையள் ஒத்துவராட்டி ஆருடைய சொல் கடைசி. கையெழுத்து போட ஏலாதவை பெருவிரல் அடையாளம் வைக்கட்டும், ஒரு பிரதி கிராம அலுவலரிட்டையும் இருக்கட்டும்.

ஸ்காபரோ_தம்பி:
கடைசிச் சொல் வீட்டில இருக்கிறவைக்கு மட்டும் எண்டு அச்சடிச்சா நான் எதிர்ப்பன் அக்கா.

கரவெட்டி_அக்கா:
அச்சடிக்கச் சொல்லேல்லை. அந்த இடம் வெறுமையா இருக்கட்டும். படிவம் நிரப்பிற அம்மா எழுதட்டும்.