.45-70 தோட்டாவுக்கு வார்த்த ஈயக் குண்டு: எந்த வெடிமருந்து எடுப்பது?

மூங்கில்காடு:

வணக்கம். டெக்சஸில், சான் அன்டோனியோவுக்கு வடமேற்கே மலைப்பக்கம் இருக்கிறேன். கையில் இருப்பது மார்லின் 1895 லீவர் ரைஃபிள், .45-70 தோட்டா போடுவது. கடைத் தோட்டாவின் விலையும் கட்டுப்படியாகவில்லை, அது தோளில் கொடுக்கும் உதையும் எனக்கு வேண்டாம். அதனால் குண்டை நானே வார்க்கிறேன். 405 கிரெய்ன் எடை (கிரெய்ன் என்பது குண்டுக்கும் மருந்துக்குமான எடை அளவு), தட்டை மூக்கு, அடியில் செம்புத் தகடு போடாத அச்சு. ஈயம் பழைய டயர் எடைக்கட்டிகளை உருக்கியது, கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்திருக்கிறேன். மேல்பூச்சு அலாக்ஸ் என்ற மசகுப் பொருளும் தேன்மெழுகும் சரிபாதி.

50 முதல் 100 கஜம் வரை சுடுவேன். நொடிக்கு 1300 அடி வேகம் வந்தால் போதும். வழக்கமாகக் காகித இலக்கு, குளிர்காலத்தில் நண்பர் ஒருவரின் பண்ணையில் காட்டுப்பன்றி.

வெடிமருந்தில், அலமாரியில் யூனிக் பாதி டப்பா இருக்கிறது, ஐஎம்ஆர் 3031 திறக்காமல் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் எச்4895 வாங்கச் சொல்கிறார். சுடும் ரேஞ்சில் ஒருவர், "வார்த்த குண்டா? அக்யூரட் 5744 போடு, வேறு எதையும் பார்க்காதே" என்கிறார். சிக்கனம் என்று பார்த்தால் யூனிக்தான். ஒரு டப்பாவில் மற்றவற்றைப்போல இரண்டு மூன்று மடங்கு தோட்டா தேறும். இந்த நான்கில் எதை வைத்து முடிவு செய்வது? மருந்துகளின் எரியும் வேகப் பட்டியலைப் பார்த்தால் யூனிக் ஒரு மூலையில், 3031உம் எச்4895உம் இன்னொரு மூலையில், 5744 நடுவில் நிற்கின்றன.

பழைய லீவர்:

தம்பி, எரியும் வேகப் பட்டியலை இரண்டாவதாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அந்த மருந்து உங்கள் தோட்டாவின் பித்தளை உறையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது.

.45-70 பிறந்தது 1873இல், அமெரிக்கப் படையின் ஸ்பிரிங்ஃபீல்ட் டிராப்டோர் துப்பாக்கிக்காக. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: .45 அங்குலக் குழல், 70 கிரெய்ன் கறுப்பு மருந்து. கறுப்பு மருந்து உறையை வாய் வரை நிரப்பும், அதன்மேல் குண்டு உட்காரும், இடைவெளி இருக்காது. இன்றைய புகையில்லா மருந்துக்கு வலு அதிகம், அதனால் குறைவாகவே போடுகிறோம். ஆனால் உறை அதே பழைய உறை. அந்தக் காலி இடம்தான் இந்தத் தோட்டாவின் எல்லாத் தொல்லைக்கும் வேர்.

யூனிக் தட்டைச் சில்லு மருந்து, வேகமாக எரிவது. உங்களுக்கு வேண்டிய வேகத்துக்கு அது உறையின் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். இரண்டு முறை ஊற்றிவிட்டாலும் வழியாது, மூன்று முறை ஊற்றினாலும் உள்ளே இடம் இருக்கும். மேலே குண்டை உட்கார வைத்துவிட்டால் வெளியிலிருந்து எந்த வித்தியாசமும் தெரியாது. 405 கிரெய்ன் குண்டுக்குப் பின்னால் இரட்டை அளவு யூனிக் இருந்தால் துப்பாக்கியும் போகலாம், கையும் போகலாம். சிக்கனம் அந்த இடத்தில் வேண்டாம் என்பது என் முடிவு. உறையில் பாதிக்கு மேல் நிற்கும் மருந்தை எடுத்தால் இரண்டாவது ஊற்றல் மேசையில் சிந்தி உங்களுக்குச் சொல்லிவிடும்.

அப்படிப் பார்த்தால் மிஞ்சுவது 3031, எச்4895. இரண்டும் நல்ல மருந்துகள்தான். 3031 இந்தத் தோட்டாவில் காலங்காலமாக ஓடுவது, உறையை நன்றாக நிரப்பும். ஆனால் அதன் குச்சிகள் நீளம். அளவுக் கருவியின் குழாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஒரு உறைக்குக் குறைவாகவும் அடுத்ததற்குக் கூடுதலாகவும் விழும். 3031 எடுத்தால் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துத்தான் ஊற்ற வேண்டும். பொறுமை இருந்தால் குறையொன்றும் இல்லை.

நான் எச்4895 பக்கம். அதன் குச்சி குட்டை, கருவியில் சீராக விழும். ஆஸ்திரேலியாவில் செய்வது, வெயிலிலும் குளிரிலும் வேகம் அதிகம் மாறாத வகை. டெக்சஸ் ஆகஸ்டில் தோட்டாப் பெட்டி வண்டியில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹாட்ஜ்டன் நிறுவனமே எழுத்தில் கொடுத்திருக்கும் ஒரு சலுகை இதற்கு உண்டு: உங்கள் தோட்டாவுக்கும் குண்டுக்கும் அவர்கள் அச்சிட்டிருக்கும் எச்4895 உச்ச அளவை 60ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் வரும் அளவு வரை இறங்கலாம், அதற்குக் கீழே அல்ல. மெதுவான ரைஃபிள் மருந்துகளை இப்படி இஷ்டத்துக்குக் குறைப்பது ஆபத்து. பாதி நிறைந்த உறையில் அவை எப்படிப் பற்றும் என்று சொல்ல முடியாது. எச்4895 அந்த விஷயத்தில் சாது. ஐஎம்ஆர் 4895 என்று இன்னொன்று விற்கிறது. எண் ஒன்று, மருந்து வேறு. 60 சதவீத விதி அதற்குச் செல்லாது, டப்பாவில் முன்னால் இருக்கும் எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

கிரெய்ன் அளவு எதையும் இங்கே எழுத மாட்டேன், யார் எழுதினாலும் அப்படியே எடுத்துப் போடவும் வேண்டாம். .45-70க்கு, மருந்து அளவு போட்டிருக்கும் புத்தகங்களில் மூன்று தனிப் பகுதி இருக்கும்: பழைய டிராப்டோர், மார்லின் 1895 போன்ற லீவர், ரூகர் நம்பர் 1 போன்ற பலமான ஒற்றைத்தோட்டாத் துப்பாக்கி. சாமி (SAAMI) என்ற அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தர அமைப்பு இந்தத் தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 28,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). ரூகர் பகுதியில் இருப்பது அதைவிட மிக மேலே. பக்கத்தின் தலைப்பைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்கு 1300 அடி போதும் என்பதால் டிராப்டோர் பகுதியின் அளவுகளிலேயே வேலை முடியும். 405 கிரெய்ன் குண்டு அந்தக் காலத்தில் ஓடியதும் கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான். மார்லினுக்கு அது விளையாட்டு, உங்கள் தோளுக்கும் நல்லது.

வடக்குக்காற்று:

மினசோட்டாவிலிருந்து. பழைய லீவர் அண்ணா சொன்னதில் முக்கால்வாசிக்கு உடன்படுகிறேன். யூனிக்கை அடியோடு ஒதுக்குவதில் மட்டும் இல்லை. மெதுவான, லேசான தோட்டாவுக்கு அது அழகாகச் சுடும். நான் செய்வது இதுதான்: ஐம்பது உறையையும் பலகையில் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பேன். ஒன்றை எடுத்து நிமிர்த்தி, மருந்து ஊற்றி, உடனே குண்டை உட்கார வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். மருந்து போட்ட உறை திறந்த வாயோடு மேசையில் நிற்கவே நிற்காது. அப்படியிருந்தும் டார்ச் அடித்துப் பார்க்காமல் எதையும் மூடுவதில்லை.

5744 பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. ரேஞ்சில் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பெரிய உறையில் கொஞ்சமாகப் போட்டாலும் அது ஒரே மாதிரி பற்றும், மருந்து முன்னால் கிடந்ததா பின்னால் கிடந்ததா என்று அதிகம் பார்க்காது. எங்கள் ஊர்க் குளிரில் அந்தக் குணத்துக்கு மதிப்பு உண்டு. குறை என்னவென்றால் எரியாத மணிகளைக் குழலில் விட்டுச் செல்லும். லீவரைத் திறந்தால் உள்ளேயும் கொட்டும். துடைத்தால் போய்விடும், எனக்குத் தொல்லையாகத் தெரியவில்லை. முன்பு டிரெயில் பாஸ் என்று ஒன்று இருந்தது, மணிகள் வளையம் வளையமாக ஊதிப்போய், கொஞ்சம் எடையிலேயே உறையை நிரப்பிவிடும். வார்த்த குண்டுக்காரர்களுக்கென்றே பிறந்த மருந்து. இப்போது கடையில் கண்ணில் படுவதே அரிது, யாரிடமாவது இருந்தால் அதிர்ஷ்டம்.

காலி இடத்தை அடைக்கப் பஞ்சு வைக்கச் சொல்லி ஒருவர் கட்டாயம் வருவார். வேண்டாம். இலவம்பஞ்சோ டாக்ரான் என்ற செயற்கைப் பஞ்சோ, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே எதையாவது திணித்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் வளையமாக வீங்கிப்போன துப்பாக்கிகள் உண்டு. இடத்தை மருந்தே அடைக்கட்டும்.

பழைய லீவர்:

பஞ்சு விஷயத்தில் நீங்கள் சொன்னதே என் கருத்தும். யூனிக்கை உங்கள் முறையில் கெட்டிப்பவருக்கு நான் தடை சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு, தவறினால் தானே காட்டிக்கொடுக்கும் மருந்தைத்தான் கையில் கொடுப்பேன்.

மூங்கில்காடு, இன்னொன்று. நீங்கள் மருந்தைக் கேட்டீர்கள், ஆனால் வார்த்த குண்டில் பாதி வேலை குண்டின் பருமன்தான். மெத்தென்ற தூய ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவிக் குழல் வழியே தள்ளி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். குண்டு அதைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு பெரிதாக இருக்க வேண்டும். குழல் .458 அங்குலம் என்றால் குண்டு .459 அல்லது .460. சிறிதாக இருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை அரிக்கும். பிறகு எந்த மருந்தை மாற்றினாலும் குழலில் ஈயம் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். சுட்டபின் ஒட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். அறைப் பக்கம் என்றால் பெரும்பாலும் பருமன் போதவில்லை. வாய்ப் பக்கம் என்றால் பூச்சு நடுவழியிலேயே தீர்ந்துவிட்டது.

ஒரு சின்ன இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். உறையின் வாயை விரிக்கும் கருவி செம்பு உறையிட்ட குண்டுக்காகச் செய்ததாக இருந்தால் வாய் இறுக்கமாக நிற்கும். .460 குண்டை அதில் அழுத்தினால் உறையே அதை .458 ஆக்கிவிடும், நீங்கள் பார்த்துப் பார்த்து வார்த்தது வீண். வார்த்த குண்டுக்கான விரிப்பான் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

கடினத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். எடைக்கட்டி ஈயம் பிரினெல் கடின அளவில் 9 முதல் 12 வரை வரும். தூய ஈயம் 5. லைமன் நம்பர் 2 என்று சொல்லும் கலவை, 90 பங்கு ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி, அது 15. செம்புத் தகடு இல்லாத குண்டுக்கு 1400 அடி வரை உங்கள் கலவையே போதும். ரொம்பக் கடினமாக்கினால் அடிப்பக்கம் விரிந்து குழலை அடைக்காது. பன்றியைச் சுட்டாலும் விரியாமல் துளைத்துக்கொண்டு போகும்.

ஆரஞ்சுத்தோப்பு:

கலிபோர்னியாவிலிருந்து இரண்டு விஷயம், மருந்தைப் பற்றி அல்ல. எங்கள் மாநிலத்தில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. ஈயக் குண்டு பட்டுச் செத்த விலங்குகளைத் தின்று காண்டர் கழுகுகள் சாகின்றன என்பது காரணம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உங்கள் டெக்சஸில் அந்தத் தடை கிடையாது. ஆனால் துப்பாக்கியோடு இந்தப் பக்கம் வேட்டைக்கு வந்தால் வார்த்த தோட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, எடைக்கட்டிகள். இப்போது கிடைப்பதில் பாதி துத்தநாகம், இரும்பு. இரும்பு மிதக்கும், அள்ளிவிடலாம். துத்தநாகம் உருகிக் கலந்துவிட்டால் அந்தச் சட்டி முழுக்கக் கெட்டது, அச்சில் சரியாக நிரம்பாது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 420ஐ ஒட்டி. அதனால் முதல் உருக்கலில் சூட்டை 380க்கு மேல் விடாமல், மிதப்பதையெல்லாம் அள்ளி எறியுங்கள். ஈரம் பட்ட கட்டியைச் சூடான சட்டியில் போடவே கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் ஈயம் கூரை வரை தெறிக்கும். காற்றோட்டமான இடத்தில் வார்த்து, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தச் சட்டையோடு அவர்களைத் தூக்காதீர்கள்.

மூங்கில்காடு:

அனைவருக்கும் நன்றி. எச்4895 ஒரு பவுண்டு வாங்கிவிடுகிறேன். 3031 அது பாட்டுக்கு இருக்கட்டும், தராசில் உட்காரப் பொறுமை வரும்போது பார்க்கலாம். குழலை அளக்கும் வேலையை முதலில் செய்யப் போகிறேன், அதை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு சந்தேகம்: மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரில், பலமான மேக்னம் வகை தேவையா? வேறு ஒருவரிடம் கூர்மூக்கு 500 கிரெய்ன் அச்சு மலிவாக வருகிறது, வாங்கலாமா?

பழைய லீவர்:

மேக்னம் வேண்டாம். எச்4895 சாதாரண பெரிய ரைஃபிள் ப்ரைமரிலேயே பற்றும். புத்தகத்தில் எந்த ப்ரைமர் போட்டுச் சோதித்தார்கள் என்று எழுதியிருக்கும், அதையே போடுங்கள். மாற்றினால் மறுபடி கீழ் அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த அச்சை வாங்காதீர்கள். மார்லினில் தோட்டாக்கள் சுடும் குழலுக்குக் கீழே இருக்கும் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கின்றன, ஒன்றின் மூக்கு முன்னால் உள்ளதன் ப்ரைமரில் முட்டிக்கொண்டு. உதை வரும்போது கூர்மூக்கு ப்ரைமரைக் குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். உங்கள் தட்டை மூக்கு அச்சுதான் சரி. குண்டில் இருக்கும் பள்ளத்தில் உறையின் வாயை அழுத்தி மடக்குங்கள். இல்லையென்றால் குழாயின் ஸ்பிரிங்கும் உதையும் சேர்ந்து குண்டை உள்ளே தள்ளிவிடும், அழுத்தம் ஏறும்.

முதலில் புத்தகத்தின் தொடக்க அளவில் ஐந்து மட்டும் கெட்டியுங்கள். வேகமானி வைத்துச் சுடுங்கள். சுடுவதற்கு முன் ஒரு முறை குழலை இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டுப் பக்கமே வைத்தபடி மெதுவாகக் கீழே சாய்த்து நிமிர்த்துங்கள், அடுத்த முறை மேலே சாய்த்து இறக்குங்கள். மருந்து உறைக்குள் முன்னும் பின்னும் நகர்ந்தாலும் வேகம் நெருக்கமாகவே இருந்தால் அந்த அளவு உங்கள் துப்பாக்கிக்குப் பிடித்திருக்கிறது. விலகினால் அரை கிரெய்ன் ஏற்றி, உச்ச அளவைத் தாண்டாமல், மறுபடி பாருங்கள். குழலின் அளவு எவ்வளவு வந்தது என்பதை இங்கே எழுதுங்கள், குண்டை எந்தப் பருமனுக்குக் கொண்டுவரலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.